செபாஸ்தியம்மாளின் ஐடி

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் ரோட்டில் ஒரு நூல் மில். பட்டப்பகல். ஆபீஸில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள இளஞ்செழியன் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாருக்கு என்ன ஐடி, யார் எதைத் திறக்கலாம் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. மில்லில் ஒருவரையும் அவன் மதிக்கவில்லை. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைக்கிற ஜென்மங்களை வேறு எப்படி மதிப்பது?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது செபாஸ்தியம்மாளின் ஐடி. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவர். இறந்து ஆறு மாதம். ஐடி மட்டும் சாகவில்லை. ரிப்பேர் முடிந்த மிஷினுக்குக் கரண்ட் விட வேண்டுமானால், பொறுப்பான ஒருவர் நேரில் போய், உள்ளே ஆளில்லை என்று பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் ஓகே கொடுக்க வேண்டும்; ஆளிருந்தால் ஷெட் வாசலிலுள்ள கைரேகைப் பெட்டியில் விரல் வைத்து மறுக்கலாம். நடக்கச் சோம்பல்பட்ட ஆபீஸ் ஆட்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த அம்மாள் பெயரில் ஓகே போட்டார்கள். வம்பு வந்தால் செத்தவரா வந்து பதில் சொல்லப் போகிறார்? இதில் எல்லோருக்கும் குரு மேனேஜர் கமலக்கண்ணன். வெட்கங்கெட்ட கூட்டம்.

மறுநாள் ஆடிட். இறந்தவர் ஐடி திறந்திருந்தால் இளஞ்செழியனுக்கு வேலை போய்விடும். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் அதை முடக்கினான். மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். நாலாம் நம்பர் மிஷின் ரிப்பேர் முடிந்துவிட்டதாம், அந்தம்மா ஐடியில் ஓகே போடச் சொன்னார். முடக்கிவிட்டேன் என்றான்.

"அப்ப உன் பேர்லயே போடுப்பா. லோடு நிக்குது."

நேரில் போய்ப் பார்க்க இவனுக்கும் கால் வரவில்லை. ஊரையெல்லாம் திட்டிய மகராசன், உட்கார்ந்தபடியே ஓகேயை அழுத்தினான்.

திரையில் வந்தது... 'மறுக்கப்பட்டது. செபாஸ்தியம்மாள்.'

ஐடியைத் திரும்பப் பார்த்தான். முடங்கித்தான் இருந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதே பெயர். கீழே ஒரு வரி: கைரேகை மூலம், கார்டிங் வாசல்.

எவனோ விளையாடுகிறான். கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினான்.

ஷிப்ட் மாறும் நேரம். மிஷின்கள் நின்றிருந்தன. ஷெட்டில் ஆளரவமே இல்லை.

வாசலில் கைரேகைப் பெட்டி.

பீப்.

யாரும் தொடவில்லை.

அதன் கண்ணாடியில் ஈரம் படிந்தது... அதில் ஒரு விரல் பதிந்தது... மெதுவாக...

பீப்.

ஓடத் திரும்பினான்.

அப்போது நாலாம் நம்பர் மிஷினுக்குள் ஓர் இருமல்.

"யாரப்பு அது? செத்த நேரம் பொறு. இன்னும் முடியல."

ஃபிட்டர் சின்னக்கண்ணு. இடுப்பு வரை மிஷினுக்குள் இருந்தார். ரிப்பேர் முடிந்தது என்று யாருமே சொல்லவில்லை. மேனேஜராகவே முடிவு செய்திருக்கிறார். ஓகே மட்டும் விழுந்திருந்தால்... இளஞ்செழியன் நேராக மேனேஜரிடம் போனான். விஷயத்தைக் கேட்ட மேனேஜருக்கு லோடு தாமதமாகிறதே என்பதுதான் கவலை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த அம்மாள் எப்படி இறந்தார் என்று கணக்குப் பிரிவு ரஃபியாவிடம் கேட்டான். ஆபீஸில் நெஞ்சுவலி என்று சொல்லியிருந்தார்கள். ரஃபியா சுற்றும் முற்றும் பார்த்தாள். அதே நாலாம் நம்பர் மிஷின்தான் என்றாள்.

"அவங்க உள்ள இருக்கப்பவே எவனோ அவங்க ஐடியிலயே ஓகே போட்டுட்டான் சார். வலது கை கெடைக்கவே இல்ல. கையில்லாமத்தான் சவப்பெட்டியில வச்சாங்க."

மத்தியானம் ஐடியை முடக்கும்போது பார்த்தது இளஞ்செழியனுக்கு நினைவு வந்தது. கம்ப்யூட்டரில் செபாஸ்தியம்மாள் பெயருக்கு ஒரே ஒரு ரேகைதான் பதிவாகியிருந்தது. வலது கை ஆள்காட்டி விரல்.