கோல் காத்தவளுக்குப் போட்ட வாக்கு

கொட்டாஞ்சேனை, இரத்மலானை, கல்கிசை, இப்போது வெள்ளவத்தை. கொழும்பில் நான் வாடகைக்கு இருந்த எந்த வீட்டிலும் இந்த வருடம் வரை வாக்காளர் படிவத்தில் என் பெயரை எழுதியதில்லை. எழுதினால் அறையை விட்டுப் போகமாட்டான் என்று வீட்டுக்காரருக்குப் பயம். அதனால் நாற்பத்திரண்டு வயதுவரை நான் வாக்களித்ததில்லை.

முதல் வாக்கைப் பரோயே தீவுகளில் போட்டேன். வடக்கே நடுக்கடலில், மரம் குறைந்து ஆடு மிகுந்த இடம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கப்பல் வேலை தேடித் திரிந்து, கடைசியில் அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஆறு வருடம் மீன் வெட்டினேன். இரண்டு நகங்கள் போயின. வேலை முடியுமுன் கடைசி பஸ் போய்விடும். மழையில் ஒரு மணிநேரம் நடந்து அறைக்குப் போவேன்.

எங்கள் பகுதியின் மேற்பார்வையாளர் ஒரு பெண். கையால் பந்தை எறிந்து விளையாடும் ஹேண்ட்போலில் தீவுகளின் அணிக்குக் கோல் காத்தவள். பந்து பட்டுப் பட்டு விரல்கள் கோணியிருந்தன. முழங்கால் போன பிறகு விளையாட்டை விட்டிருந்தாள். நகரசபைத் தேர்தலில் நின்றபோது, சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஆங்கிலம்.

"உனக்கு என்ன வேணும்?"

"பஸ்."

"அப்ப எனக்கு வாக்குப் போடு."

"நான் வெளிநாட்டுக்காரன்."

"இவ்வளவு காலம் இருந்த உனக்கு ஊர்த் தேர்தலில வாக்கு இருக்கு. தபால்ல அட்டை வந்திருக்குமே?"

"விளம்பரமெண்டு குப்பையில போட்டிட்டன்."

கோல் விட்டவள் போல என்னைப் பார்த்தாள். "ஓடு! போய் எடு!"

அன்றிரவு அறைக்குப் போய், குப்பையில் உருளைக்கிழங்குத் தோலுக்குள்ளிருந்து எடுத்தேன். தேர்தலன்று வாக்களிப்பு நிலையத்தில் அந்தக் கறைபட்ட அட்டையை நீட்டினேன். அங்கிருந்த கிழவர் பட்டியலில் என் பெயரைத் தேடி, தப்பும் தவறுமாக உரக்க வாசித்தார். நேராக நிமிர்ந்து நின்றேன்.

அவள் வென்றாள். சில மாதங்களில் கடைசி பஸ் நாற்பது நிமிடம் பிந்திப் புறப்படத் தொடங்கியது. முதல் நாள் அவளும் எங்களோடு ஏறி வந்தாள். இப்போது பாராளுமன்றத்தில் இருக்கிறாள்.

நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். இந்த முறை வெள்ளவத்தை வீட்டுக்குப் படிவம் வந்ததும் கீழே வீட்டுக்கார அக்காவிடம் போனேன்.

"என்ர பேரையும் போடுங்கோ அக்கா."

"நீர் நாலு மாசத்தில ஓடுற ஆள்."

"ரெண்டு வருசம் இருந்திட்டன்."

"பேரைப் போட்டா, பிறகு வீடு என்ரயெண்டு நிப்பீர்."

தொலைபேசியில் அந்த மேற்பார்வையாளரின் படத்தைக் காட்டி, பஸ் கதையைச் சொன்னேன். "நான் வாக்குப் போட்டு வந்தவ."

"அப்பிடியொரு நாடும் இருக்கோ? உம்மட ஒரு வாக்காலயோ வெண்டவ?"

"இல்லை. ஆனா அதுக்குள்ள என்ர வாக்கும் இருக்கு."

அக்கா படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். "விரல் ஏன் இப்பிடி?"

"கோல் காத்தவ."

"அவ பஸ் விட்டவ. எங்கட ஒழுங்கை வடிகானை ஆர் பாக்கிறது? மழை பெய்தா விறாந்தை வரைக்கும் தண்ணி."

"உங்கட வீட்டில மூண்டு வாக்கு. என்னோட நாலு. நாலு பேராப் போய்க் கேப்பம்."

அக்கா படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனையை எடுத்தார்.

"உம்மட முழுப் பேர் என்ன?"

இரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் மேல் அறைத் தம்பி மட்டுமே. அடையாள அட்டையை மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.