வேறு பட்டியலில் ஒரு வீடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பள்ளிச் சபையின் ஆதரவாளராகத் தன் வீட்டைப் பதியும் உரிமை கத்தோலிக்கருக்கு மட்டுமே உண்டு. பிரெஞ்சுப் பள்ளிகளின் கதை வேறு; அதை விடுவோம். மற்ற எல்லோருடைய வீடும், வேறு எதையும் எழுதிக் கேட்காவிட்டால், பொதுப் பள்ளிச் சபையின் பக்கம் சேரவேண்டும். வீட்டு வரியின் பள்ளிப் பங்கு எந்தச் சபைக்குப் போகும், வீட்டிலுள்ளவர்கள் எந்தச் சபைத் தேர்தலில் வாக்களிப்பார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தது. விதி இவ்வளவுதான். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோதே விதிகளை வாசிப்பதையும் நான் விட்டிருக்கலாம். விட்டவனின் கதவை யாரும் தட்டுவதில்லை.

தட்டியவர் பக்கத்து வீட்டுப் பெண். அஜின்கோர்ட்டில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பொதுப் பள்ளியில் அவருடைய மகள் படிக்கிறாள். பெற்றோர் குழுவுக்கு இவர்தான் தலைவி. அந்த வருடம் பள்ளியின் நூலகரை வேறொரு பள்ளியோடு பங்குபோட்டிருந்தார்கள். நூலகம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. பெற்றோர் ரோல்ஸும் வடையும் விற்று வாங்கிய புத்தகங்கள் உள்ளே பெட்டி பிரிக்காமல் இருந்தன.

"அங்கிள், அமெரிக்காவில என்ர அக்கான்ர ஊரில சனம் வோட்டுப் போட்டு வீட்டு வரியைக் கூட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திருக்கு. நாங்களும் அப்பிடிச் செய்யேலாதோ?"

"ஏலாது பிள்ளை. இஞ்ச அந்த வரியை மாகாணம்தான் தீர்மானிக்கிறது. உம்மட்டயும் கேளாது, என்னட்டயும் கேளாது."

"அப்ப எங்களிட்ட என்னதான் விட்டு வைச்சிருக்கு?"

"பள்ளிச் சபைக்கு ஒரு உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம். நூலகரை எங்க அனுப்பிறதெண்டு கதைக்கிற மேசையில அவருக்கு ஒரு கதிரை இருக்கு."

"சரி, இந்த எலெக்சனில அதுக்கு நான் நிக்கிறன்."

சொன்ன வேகத்தைப் பார்த்தால், வீட்டிலிருந்து வரும்போதே முடிவுசெய்திருப்பார் போல.

பொதுப் பள்ளிச் சபைக்குப் போட்டியிடுபவர் அந்தச் சபையின் வாக்காளராக இருக்கவேண்டும். எதற்கும் பார்த்துவிடுவோம் என்றேன். பார்த்தோம். அவருடைய வீடு கத்தோலிக்கப் பள்ளிச் சபையின் பட்டியலில் இருந்தது. கூடத்தில் பெரிய பிள்ளையார் படம் மாட்டியிருக்கும் வீடு.

கணவர் மிசிசாகாவில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் விசாரணை தொடங்கியது.

"வீடு வாங்கேக்க படிவத்தில நான்தான் அப்பிடிப் போட்டனான். கத்தோலிக்கப் பள்ளிக்கூடமெண்டா டிசிப்ளின். ஊரில நாங்கள் பாதர்மாரிட்டப் படிச்ச ஆக்கள்தானே, அங்கிள்?"

"பிறகேன் பிள்ளையை அங்க சேர்க்கேல்லை?" என்று கேட்டேன்.

"ஞானஸ்நான சேர்ட்டிபிக்கற் கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றார் மனைவி.

"சின்னனில வருசா வருசம் மடு மாதா கோயிலுக்குப் போறனாங்கள் எண்டு சொன்னன்."

"அவையள் அப்பிடியே மயங்கி விழுந்திருப்பினம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஊரில் பாதர்மாரிடம் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அந்தப் பழக்கத்தில் அவர் படிவத்தில் கத்தோலிக்கச் சபைக்கான கட்டத்துக்குள் புள்ளடி போட்டிருக்கிறார். அவர் கத்தோலிக்கரா என்று சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திருத்தம் கேட்டு, வரிக்காக வீடுகளைப் பதிந்துவைக்கும் மதிப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. மீண்டும் எழுதினோம். பிறகு தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர் மிகவும் பணிவானவர்; பணிவானவர்களிடமிருந்து எதையும் பெற்றுக்கொள்ள முடியாது என்பது என் அனுபவம். வாக்காளர் பட்டியலைத் திருத்துவது செப்டம்பரில் தொடங்கும் என்றார். வேட்புமனு எப்போது முடியும்? ஆகஸ்டில். கத்தோலிக்கர் அல்லாதவர் அந்தப் பட்டியலில் இருக்கவே முடியாதே என்றேன். அது சரிதான், ஆனால் இருக்கிறாரே என்றார்.

மனு கொடுக்கும் கடைசி நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண், தான் பொதுப் பள்ளிச் சபையின் வாக்காளர் என்று சத்தியம் செய்யும் உறுதிமொழித் தாளோடு என் சமையலறை மேசையில் இருந்தார்.

"கையெழுத்து வைக்கலாமோ, அங்கிள்?"

"வையும். சட்டம் உம்மட பக்கம்."

"பட்டியல் என்ர பக்கம் இல்லையே. பிறகு பொய்ச் சத்தியம் எண்டு வந்தால்? அகதிக் கேசுக்கு ஒவ்வொரு சொல்லையும் எத்தினை தரம் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள் தெரியுமோ? இன்னொருக்கா என்னால ஏலாது."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மணிக்கு வேட்புமனு முடிந்தது. கையெழுத்து வைக்காத தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோடை முகாமிலிருந்து மகளைக் கூட்டிவரவேண்டும் என்று எழுந்து போனார்.

போட்டியிட்ட இருவரும் எங்கள் பள்ளியின் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் வென்றார். வீடு பொதுப் பள்ளிச் சபையின் பக்கம் மாற்றப்பட்டுவிட்டது, பொறுமைக்கு நன்றி என்று மதிப்பீட்டு அலுவலகத்தின் பதில் பக்கத்து வீட்டுக்கு வந்தது, வாக்களிப்புக்கு மறுநாள், ஒக்ரோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை.