நேசம்மா காட்டாமல் போன படம்

எங்கள் ஸ்காபரோ மாடிக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறையில், பெண்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. மெஷினுக்குள் உடுப்பைப் போட்டதும் முதலில் அவரவர் பிள்ளைகளின் புதினம். ஆகவே என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் பொறியியல் படிக்க யூனிவர்சிற்றிக்கு எடுபட்டுவிட்டான். அவன் தங்கச்சிக்கு அரங்கேற்றம் நடந்தது. மண்டபத்தில் இருக்க இடமில்லை. பிறம்ரனில் இருக்கிற மகளின் பெடியன் நீச்சலில் மெடல் எடுத்தான். எங்களோடு இருக்கிற மற்ற மகளின் சின்னவள் அபி வகுப்பில் பேசிப் பரிசு வாங்கினாள். அந்தப் பரிசை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இவற்றைச் சொல்லவென்று கூடையோடு இறங்கின அன்று, எங்கள் கட்டடத்து நேசம்மாவின் மருமகள் அங்கே தனியே நின்றாள்.

"மாமி எங்களை விட்டிட்டுப் போயிட்டா, அன்ரி. நித்திரையிலேயே," என்றாள். அரங்கேற்றப் படங்கள் கூடைக்குள் உடுப்பின் மேலே கிடந்தன.

நேசம்மாவுக்கு இங்கே கனடாவில் ஒரு மகன். மற்ற மூவரும் அவுஸ்திரேலியாவில், ஆளுக்கொரு மூலையில். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் ஒரு கங்காரு நிற்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கங்காரு என்றால் எல்லாம் ஒன்று என்றிருந்தேன்.

"அக்கா, கங்காரு எண்டு ஒண்டில்லை. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு ஊர்," என்று அல்பத்தை விரிப்பாள். பேர்த்தில் இருக்கிற மூத்தவனின் பக்கத்துப் புல்வெளியில் மேற்குச் சாம்பல் கங்காரு. அந்தக் கரையிலிருந்து தெரிகிற தீவில் பூனையளவு குவொக்கா, அதுவும் கங்காருக் குடும்பமாம். மகள் டொக்டராக இருக்கிற நடுநாட்டுச் செம்மண் வெளியில் பெரிய சிவப்புக் கங்காரு. அங்கேயே மலைப்பாறைகளில் தாவுகிற, வலபி என்கிற சின்னக் கங்காரு. வடகிழக்கே, கடைசி மகன் இருக்கிற கெயின்ஸுக்குக் கிட்ட, மழைக்காட்டு மலையில் மரமேறுகிற கங்காரு. அதன் சொந்தக்காரர் கடல் தாண்டி நியூ கினியிலும் உண்டாம். அந்த ஒரு படம்தான் அவளிடம் இல்லை.

"மரத்தில ஏறுற கங்காருவோ? உன்ர மகன் உனக்குக் கதை விடுறான்," என்றேன்.

"நீ வேற. அது உச்சியில இலைக்குள்ள இருக்குமாம். கண்ணில பட்ட உடன எடுத்து அனுப்புறன் எண்டவன்."

படங்களைப் பொறுத்துக்கொண்டேன். அபி அவளைக் "கங்காரு அம்மம்மா" என்று கூப்பிட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மடியில் போய் இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு அம்மம்மா நான் ஒருத்திதானே? வகுப்பில் அவள் பேசியதும் எந்தக் கங்காரு எங்கே வாழ்கிறது என்பதைத்தான். சொல்லிக் கொடுத்தது ஆர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விடுவேனா? மகனைப் பிடித்து மிருகக்காட்சிசாலைக்குப் போய், பேரப்பிள்ளைகளைக் கங்காருவுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்து வந்தேன். நேசம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"உது மேற்குச் சாம்பல், அக்கா. என்ர மூத்தவன்ர ஊர்க்காரர். கம்பிக்குள்ள வைச்சால் ஆர்தான் பாக்கேலாது?"

"உன்ரயை ஆர் கண்டது? எல்லாம் கடதாசியிலதானே."

அபி சிரித்தாள். நேசம்மா சிரிக்கவில்லை. "ஓம். நீ பஸ் எடுத்தால் உன்ர பிள்ளையளிட்டப் போயிடுவாய்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அல்பத்தை விரித்தால் அவள் வாய் கங்காருவின் ஊரைச் சொல்லும். விரலோ படத்தின் ஓரத்தில் நிற்கிற பேரப்பிள்ளையின் முகத்திலேயே இருக்கும். அவளுக்கும் என்மேல் பொறாமை என்று தெரிந்ததில், உண்மையைச் சொன்னால், எனக்கு நல்ல சந்தோஷம்.

செத்தவீட்டில் அபி அழுத அழுகையை எல்லோரும் கண்டீர்கள். எனக்கும் இப்படி அழுவாளோ என்று அந்த இடத்தில் நின்றும் யோசித்தேன். நேசம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமைதான். அதை நான் விடப் போவதில்லை. இப்போது அரங்கேற்றப் படங்களைக் காட்டினால் எல்லோரும் "நல்லாயிருக்கு" என்கிறார்கள். எதிர்த்து ஒரு படம் எடுத்துப் போட ஒருத்தி இல்லை.

கெயின்ஸில் இருக்கிற தம்பி, நான் இதை எழுதுகிற இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலர் உங்கள் கைக்கும் வரும். அந்த மரமேறிக் கங்காருவின் படத்தைத் தபாலில் எனக்கே அனுப்புங்கோ. கீழே கொண்டுபோய் நான்தான் முதலில் காட்ட வேண்டும். கங்காரு கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்தி எடுங்கோ. அம்மா பார்த்தது அவர்களைத்தான்.