பதினான்கு வீடுகளில் ஓர் ஆபீஸ்

"மூணாவது விசில் அடிச்சாச்சு. போய் அடுப்ப அணைச்சிட்டு வா, நான் லைன்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா ஜன்னலோரம் காத்திருக்கிறார். காலை மணி ஒன்பது. காதில் போன். ஒரு காலில் மட்டும் செருப்பு. இன்னொன்று மேஜைக்கடியில் எங்கோ கிடக்கிறது. இன்னும் பதின்மூன்று பேரைக் கூப்பிட்டாக வேண்டும்.

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கம்பெனி. வாடிக்கையாளர்கள் போனில் சொல்லும் கோளாறுகளைக் கேட்டு வழி சொல்கிற பதினான்கு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். இரண்டு மாடி ஆபீஸ் ஓர் அறையாகச் சுருங்கியபோது, முதலாளி அந்த அறையையும் அக்காவையும் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டார். அக்காவின் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அது அக்காவுக்கே நினைவில்லை.

வீடியோவில் பேசுவது அவருக்கு ஆகவே ஆகாது. "மூஞ்சி பொய் சொல்லும்ப்பா. குரல்ல பிடிச்சிடலாம்" என்பார். பிடித்தும்விடுவார். தும்மலை வைத்தே லீவு கொடுப்பார். "சரிங்கக்கா" வெறும் "சரி" ஆகிவிட்டால், வீட்டில் ஏதோ சண்டை. யார் வீட்டு நாய் எத்தனை மணிக்குக் குரைக்கும் என்பதும் அத்துப்படி.

முதலாளிக்கோ ஆள் கண்ணில் பட்டால்தான் வேலை நடப்பதாகத் தோன்றும். யார் கீபோர்டைத் தட்டுகிறார்கள் என்று காட்டும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். தட்டினால் பச்சை விளக்கு, தட்டாவிட்டால் மஞ்சள். ஒரே வாரத்தில், பதினான்கு பேரில் ஒருவரான தாடிக்காரர் மாட்டிக்கொண்டார். தினமும் மதியம் இரண்டு மணி நேரம் மஞ்சள்.

"ஆளு நல்லாத் தூங்குறாருக்கா. இந்த வாரத்தோட நிறுத்திடலாம்" என்றார் முதலாளி.

"அவரா? ஒரு நாள் குடுங்க சார். போய்ப் பாத்துட்டு வரேன்."

மறுநாள் மதியம் இரண்டு பஸ் மாறிப் போய் நான்கு மாடி ஏறினார் அக்கா. கதவைத் திறந்த தாடிக்காரரின் மனைவி என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரே அதிர்ந்தது. அந்த அம்மா கையை மேலே காட்டினார்.

மொட்டை மாடியின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டியின் துளி நிழலில், தாடிக்காரர் குந்தியிருந்தார். மடியில் நோட்டு, காதில் போன், கழுத்தெல்லாம் வியர்வை. "பதறாதீங்கம்மா. மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. கீழ ஓரமா ஒரு சின்ன மூடி தெரியுதா?" மூடி அகப்பட ஐந்து நிமிடமாயிற்று. அவர் குரல் கொஞ்சமும் ஏறவில்லை.

பேசி முடித்துத் திரும்பியவர் அக்காவைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "உள்ள பேசவே முடியலக்கா. இங்க எழுதிக்கிட்டு, அப்புறம் போய் டைப் பண்ணிடறேன்."

"வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"இதையெல்லாம் போயி ஒரு சாக்கா..." என்று தலையைச் சொறிந்தார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இடிப்பு வேலை மதியம்தான் மும்முரமாகிறது. "காலைல ஒம்போது மணிக் குரல மட்டும் கேட்டுட்டு, எல்லாம் தெரியும்னு இருந்துட்டேன் பாரு."

கீழே இறங்கி வந்து முதலாளியைக் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் சும்மா கேளுங்க சார்" என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். முதலாளி அலறியது அத்தனை சத்தத்திலும் கேட்டது.

பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வேலை வேண்டும் என்று மாலை நேர வேலையிலிருந்த பெண் ஒருத்தி மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவள் நேரத்தையும் தாடிக்காரர் நேரத்தையும் அக்கா மாற்றிப்போட்டார். அன்று போனில் மூடி தேடிய அந்த அம்மா ஒரு பெரிய விடுதியின் மேற்பார்வையாளராம். முப்பது மெஷின்களையும் இவர்களிடமே ஒப்படைத்தபோது, "அந்தப் பொறுமைக்காரர் இருக்கார்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மஞ்சள் விளக்கை முதலாளியே சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அக்காவும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது மதியமும் ஒரு சுற்று போன் செய்கிறார்.

இந்த வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார், பத்து வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பியவர். மதியம் அக்கா கூப்பிட்டபோது குரலே எழவில்லை. "வீட்ல யாருமே இல்லக்கா. தப்பாப் பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

"நீ ஒண்ணும் பேச வேணாம். போன வெக்காம உன் வேலையப் பாரு. நானும் என் வேலையப் பாக்கறேன்."

போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தட்டத் தொடங்கிய அக்கா, ஏதோ தோன்றி நிறுத்தினார். தான் தட்டுகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று, போனைக் கீபோர்டுக்கு ஒட்டினாற்போல் நகர்த்தி வைத்தார்.