மலையோரம் விட்ட இடம்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். எனக்கு நிச்சயமாகி, ஆவணியில் கல்யாணம் என்று பத்திரிகை வரை அடித்தாகிவிட்டது. கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் எனக்கு, கட்டிக்கொள்ளப் போகிறவளோடு திருவண்ணாமலையில் சினிமா பார்க்கப் பெண் வீட்டில் அனுமதி கிடைத்தது. பகல் காட்சி மட்டும் என்ற நிபந்தனையோடுதான்!

காதல் படம். மனநோய் உள்ள ஒரு பெண்ணை ஒருவன் விழுந்து விழுந்து காதலிக்கிறான். அவளுடைய மாத்திரை டப்பாவை மிட்டாய் என்று நினைத்து அவன் திறக்கும் காட்சியில் தியேட்டரே சிரித்தது. அதில் என் சத்தம்தான் ஜாஸ்தி. அது போதாதென்று, "இப்படி ஒண்ண நம்ம தலையில கட்டியிருந்தா அவ்ளோதான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் திருவாய் மலர்ந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் விட்டதும், "மலைய கொஞ்ச தூரம் சுத்திட்டுப் போலாங்களா?" என்றாள். அடி அண்ணாமலையில் பைக்கை நிறுத்தி, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது. மலையின் பாதிக்கு மேல் மேகம். பௌர்ணமி இல்லாததால் பாதையில் ஆளே இல்லை. ஈரத் தார்ச்சாலை பாதத்துக்கு ஜில்லென்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே இப்படி ஒரு நடை யாருக்குக் கிடைக்கும் என்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் வாங்க. மலையோரமா நடக்கறீங்க, அது சித்தருங்க போற இடம்" என்றாள். கிரிவலம் வருகிறவர்கள் இடது பக்கமாகத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறார்கள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் சட்டென்று ஒதுங்கி, வெறும் சாலையைப் பார்த்து, "மன்னிச்சிக்குங்க சாமி" என்று கும்பிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"படத்துல வந்துச்சே, அந்த மாதிரி மாத்திரைய நானும் சாப்பிடறேன். காலேஜ் படிக்கறப்போ ஆரம்பிச்சது. இப்போ நல்லாதான் இருக்கேன். திரும்பவும் வரலாம். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு வீட்ல சொன்னாங்க, எனக்கு மனசு கேக்கல. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

தியேட்டரில் நான் சிரித்த சிரிப்பை நினைத்துக் கூசிப்போனேன். பயமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப தூரம் நடந்தோம். மேகம் இறங்கி இறங்கி மலையே காணாமல் போனது. ஆனாலும் மலை இல்லை என்று நாங்கள் நினைக்கவில்லை, அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தோம்.

கடைசியில், "மாத்திரை எத்தன மணிக்கு? சொன்னா அலாரம் வெச்சிக்கறேன்" என்றேன்.

"அலாரம் என்கிட்டயே இருக்கு. நீங்க சிரிக்காம இருந்தா போதும்" என்றாள். சொன்னவளே சிரித்துவிட்டாள், கண்ணில் நீரோடு.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை அது திரும்பவும் வந்தது. இரண்டு மாதம் அவள் கட்டிலை விட்டு எழவே சிரமப்பட்டாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள், "நல்லாதானே இருக்கா, உடம்புக்கு என்ன?" என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, நானும் ஒருநாள் சத்தமாகச் சிரித்தவன்தானே. கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்குப் பாதி ரோட்டையே விட்டுக்கொடுக்கும் ஊர்க்காரன் நான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வலிக்கு என் பக்கத்தில் இடம் விட அன்றைக்கு அந்தப் பாதையில்தான் கற்றுக்கொண்டேன்.