சத்தமில்லாத வண்டிக்கு ஒரு கொடி

ஷிபுகாவா என்ற மலையடி ஊரில் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் சிஸுருவுக்கு ஐம்பத்தொரு வயது. மணமுறிவின்போது வீட்டைக் கணவனிடம் விட்டுவிட்டு வண்டியைக் கேட்டு வாங்கியவள். இரண்டு கதவுள்ள சிவப்புப் பெட்ரோல் கார். ஞாயிறு காலை அது கிளம்பினால் தெருவே எழுந்துவிடும்.

கோடையில் பனிச்சறுக்கு மைதானத்தின் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். அங்கே ரப்பர்க் கூம்புகளை வைத்து, நேரம் குறித்து, வளைத்து வளைத்து ஓட்டும் இருபது பேர் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ஹைபிரிட் வண்டிகளையே இரண்டு வருடம் சண்டை போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். மின்சார வண்டிக்கு இடமே இல்லை.

போன ஜூனில் ஒரு வெள்ளை மின்சார கார் ஓசையில்லாமல் வந்து நின்றது.

"யாரு வீட்டு ஃப்ரிட்ஜுடா இது?" என்றான் டயர் கடை ஒகாடா. எல்லோரும் சிரித்தார்கள். இறங்கியவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒகாடா முன்னால் போய் மறுபடி சொன்னான். அவன் தன் காதைத் தொட்டுக் கையை ஆட்டிவிட்டு, போனை எடுத்து எழுதிக் காட்டினான். பெயர் மிசோகுச்சி. பிறவியிலேயே காது கேட்காது. ஓட்ட வந்திருக்கிறான்.

சிரிப்பு நின்றது. சிஸுரு போனை வாங்கி எழுதினாள்: "மன்னிக்கணும். கூம்பு எடுத்து வைக்கிறவங்களுக்கு உங்க வண்டி வர்றது காதுல விழாது. ஆபத்து."

சாக்குக்குச் சொன்னதல்ல. அதற்கு முந்தின வருடம் ஓடுபாதையில் நின்ற ஒருவர், இன்ஜின் உறுமல் கேட்டுத் துள்ளி விலகியதால்தான் பிழைத்தார்.

அவன் எழுதினான்: "எனக்கு உங்க வண்டி எதுவுமே கேக்காது. முப்பத்தெட்டு வருஷமா பாத்துப் பாத்துதான் ரோட்டக் கடக்கிறேன்."

சிஸுருவுக்கு முகம் சுட்டது. அவன் அதோடு விடவில்லை. "உங்க வண்டியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?"

ஏற்றிக்கொண்டாள். முன்பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தான். இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் ஏழாயிரத்தைத் தாண்டியபோது வாய்விட்டுச் சிரித்தான். இறங்கியதும் எழுதினான்: "வயித்துக்குள்ள ட்ரம் அடிக்குது! நீங்க ஏன் இதுக்கு அடிச்சுக்கிறீங்கன்னு புரியுது. ஆனா இதுல கியர் மாத்த நான் மீட்டரையே பாத்துட்டு இருக்கணும். என் வண்டியில கியரே இல்ல, ரோட்ட மட்டும் பாத்தா போதும்."

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கொடி வைப்போம். வண்டி ஓடறப்ப மஞ்சக் கொடி மேல இருக்கும். அது இறங்கற வரைக்கும் ஒருத்தரும் கோட்டுக்குள்ள கால் வைக்கப்படாது. பெட்ரோல் வண்டிக்கும் அதேதான்."

"அக்கா, அடுத்த வாரம் வாஷிங் மெஷின் வரும் பாரு" என்றான் ஒகாடா.

"வரட்டுமே. ஒன்னைய முந்திட்டா ஒன் அழுக்குத் துணிய அதுலயே போடு."

அன்று அவனையும் ஓட்ட விட்டார்கள். சிஸுரு முதலாவது. மிசோகுச்சி நான்காவது, ஒகாடா ஐந்தாவது. ஒகாடா மதியம்வரை தன் வண்டியின் டயர்களையே உதைத்துக்கொண்டிருந்தான். பிறகு தானே போய் அந்த வெள்ளை வண்டியின் டயர்களைத் தட்டிப் பார்த்து, "காத்து அதிகமா இருக்கு" என்று சைகையில் சொன்னான்.

இலையுதிர் காலத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, மின்சார வண்டிக்கும் இடமுண்டு என்று விதியை மாற்றினார்கள். பதினொன்றுக்கு ஏழு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். அதில் ஒருவர் சிஸுருவின் இருபது வருடச் சிநேகிதர். அந்த வலி அவளுக்கு இன்னும் இருக்கிறது.

அவள் மின்சாரத்துக்கு மாறவில்லை. ஒருமுறை அவன் வண்டியை ஓட்டிவிட்டு, "முதுகு சீட்ல ஒட்டிக்கிச்சு. ஆனா யாரோ என்னைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று எழுதினாள்.

இப்போது வியாழன்தோறும் சைகைமொழி வகுப்புக்குப் போகிறாள். விரல்கள் சுலபத்தில் மடங்குவதில்லை. போன வாரம் அவள் சைகையில் ஏதோ பேச முயன்றதில் மிசோகுச்சியின் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன சொல்லிவிட்டேன் என்று கேட்டால் இருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.