ஆர்டிஸின் ஆன்டெனா

இது நடந்தது. நடந்த நேரங்கள் நிமிடம் பிசகாமல் என்னிடம் எழுத்தில் இருக்கின்றன. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் எத்தனை சதவீதம் சிக்னல் என்று நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். அந்த நோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டியதில்லை.

என் பெயர் வெர்ன். மினசோட்டாக்காரன். ஓய்வு பெற்ற பிறகு, பனிக்காலம் வந்தால் நானும் என் மனைவி டார்லாவும் கேரவனை ஓட்டிக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுவோம். அங்கே எங்களைப் போல நூறு வண்டிகள் நிற்கும். கேபிள் கிடையாது. கூரைமேல் இருக்கும் ஆன்டெனாதான் கதி. அதைத் திருப்ப வேண்டுமென்றால், வண்டிக்குள் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் ஒரு கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும்.

மேற்குப் பக்கத்து வண்டி ஆர்டிஸ் அம்மாளுடையது. எழுபத்தெட்டு வயது. தனி ஆள். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வண்டிக்காரரிடம் ஒரு வேலையை ஒப்படைப்பது எங்கள் முகாமின் பழக்கம்.

"தம்பி, காலைல எட்டு மணிக்கு என் ஜன்னல் திரை மேல ஏறலைன்னா வந்து கதவைத் தட்டு. தூங்கிட்டிருந்தா திட்டுவேன். செத்திருந்தா திட்ட மாட்டேன்."

"நீங்க செத்தாலும் திட்டுவீங்க."

சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை என் கைப்பிடி உடைந்தது. ஆர்டிஸ் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல வடக்கு டிவி கோபுரத்துல சர்ச் பாட்டு வரும். நான் அந்தப் பக்கம் திருப்பணும். சனிக்கிழமையே கொடுத்துடு, என்ன?"

கொடுக்கவில்லை. ஞாயிறு மதியம் எங்கள் ஊர் அணியின் ஃபுட்பால் ஆட்டம். எட்டுப் பேரை அழைத்திருந்தேன். சிக்னலோ இருபத்தெட்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. கைப்பிடி எனக்குத் தேவைப்பட்டது.

ஞாயிறு. காலை 8.05. ஆர்டிஸின் ஜன்னலில் திரை இறங்கியே இருந்தது.

"போய்த் தட்டேன், வெர்ன்," என்றாள் டார்லா.

"தட்டினா கைப்பிடி எங்கேன்னு கேட்பாங்க."

"கேட்கட்டுமே. கொடுத்துட்டு வா."

"மேட்ச் முடியட்டும்டி."

8.12. நான் ஏணியில் நின்று ஒயரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கிரீச்ச்...

எட்டிப் பார்த்தேன். ஆர்டிஸின் கூரைமேல் ஆன்டெனா மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? அம்மா எழுந்தாச்சு. இடுக்கி வெச்சுத் திருப்பறாங்க!" என்று டார்லாவிடம் கத்தினேன். அப்பாடா என்றிருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. சர்ச் பாட்டு வருவது வடக்கிலிருந்து. மற்ற சேனல்கள் தென்மேற்கிலிருந்து. அவருடைய ஆன்டெனா போய் நின்றதோ கிழக்கே. கிழக்கில் எந்தக் கோபுரமும் இல்லை.

நாங்கள்தான் இருந்தோம்.

10.40. சில சமயம் வண்டியைப் பத்தடி நகர்த்தினாலே சிக்னல் ஏறும். ஆன்டெனாவை இறக்கிவிட்டு, கேரவனை முப்பதடி தெற்கே ஓட்டி நிறுத்தினேன். மறுபடி ஏற்றினேன். அறுபத்தொன்று!

கிரீச்ச்...

பூஜ்யம்.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஆர்டிஸின் ஆன்டெனாவும் தெற்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. மறுபடியும் எங்களுக்கு நேராக. திரை இன்னும் இறங்கியே இருந்தது.

கோபித்துக்கொண்டு வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

1.25. எட்டுப் பேரும் நாற்காலியோடும் ஒரு பெரிய பாத்திரம் நிறைய பீன்ஸ் குழம்போடும் வந்துவிட்டார்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"வெர்ன், உன் டிவியைவிட என் டோஸ்டர்ல நல்லா தெரியும்டா!" என்றான் லாயிட்.

எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் அறுந்து அறுந்து வந்தது. அதற்குள்ளே...

தட்... தட்... தட்...

லாயிட் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

யாருமில்லை.

"டிவியிலேருந்துதான் வருது," என்றாள் டார்லா. முகம் வெளுத்திருந்தது. "வெர்ன்... நீ போய்ப் பார்த்துட்டு வா."

"ஆட்டம் முடியட்டும்."

2.50. தட்... தட்...

முன்பைவிட மெதுவாக.

பிறகு ஒரே ஒரு தட்.

என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்தேன். நல்ல வெயில். காற்றே இல்லை.

கிரீச்ச்...

இடது பக்கம் பத்தடி நடந்தேன்.

அது திரும்பியது.

நின்றேன்.

அதுவும் நின்றது.

என்னையே பார்த்துக்கொண்டு.

ஆர்டிஸின் கதவுக்கு நாற்பதடி இருக்கும். ஒரு காலை எடுத்து வைத்தேன்...

"வெர்ன்! படம் வந்துடுச்சு! ஓடி வா!" உள்ளேயிருந்து லாயிட் கத்தினான்.

திரும்பி ஓடினேன்.

கண்ணாடி போலத் துல்லியமான படம். எல்லோரும் கைதட்டினோம். நோட்டில் குறித்துவிட்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு ஒரு புள்ளிகூட உடையவில்லை. எங்கள் அணி ஜெயித்தது.

4.35. கைப்பிடியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். பூட்டவில்லை. திறந்தேன்.

ஆர்டிஸ் அம்மாள் தரையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது. கையில் இடுக்கி.

அன்று மாலை வந்த போலீஸ்காரர் அந்த இடுக்கியை என்னிடம் காட்டினார். அதன் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு மாட்டியிருந்தது. கூரையில் இருந்த தண்டின் முனை.

"காலைல ஏழரைக்கு முக்காலி மேல ஏறி இதால திருப்பியிருக்காங்க. தண்டு ஒடிஞ்சு விழுந்திருக்காங்க. கைக்கடிகாரமும் அப்பவே உடைஞ்சு நின்னிருக்கு," என்றார். "அதுக்கப்புறம் அந்த ஆன்டெனாவை யாரும் உள்ளேயிருந்து திருப்பியிருக்கவே முடியாது சார்."

கைப்பிடி என் கையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் சொன்னதை டார்லாதான் கேட்டுக்கொண்டு வந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உடனே போகவில்லை உயிர். வெகுநேரம் தரையைத் தட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். விரல் முட்டியெல்லாம் தோல் போயிருந்ததாம். சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாராம்.

"எத்தனை மணிக்கு உயிர் போச்சாம்?" என்று கேட்டேன்.

"மூணு மணி சுமாருக்கு."

நோட்டைப் பிரித்தேன்.

2.58. தொண்ணூற்றெட்டு சதவீதம்.

அதன் பக்கத்தில், என் கையெழுத்தில், 'அருமை' என்று எழுதியிருந்தது.